எண்ணெய் ஓடிய வழி – 14: கிணறு வற்றவில்லை, வரிசை நீண்டது

சென்ற இதழில் 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையைப் பார்த்தோம். அது அரசுகள் கூடி எடுத்த முடிவு. குழாயை யார் மூடினார்கள், எதற்காக மூடினார்கள், என்ன கிடைத்தால் திறப்பார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாகத் தெரிந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஈரானில் நடந்தது வேறு வகை. அங்கே எண்ணெயை நிறுத்தியவர்கள் கிணற்றடியிலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். அவர்களோடு பேரம் பேச யாரைத் தேடிப் போவது என்றே வெளிநாட்டுத் தலைநகரங்களுக்குத் தெரியவில்லை. 1979-ஆம் ஆண்டு நெருக்கடியைப் பற்றிப் பாடப் புத்தகங்களில் வரும் கதை சுருக்கமானது: ஈரானில் புரட்சி வெடித்தது, எண்ணெய் நின்றது, உலகம் தவித்தது. மூன்றும் தனித்தனியே உண்மைதான். சேர்த்துப் படிக்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. 1979-இல் உலகம் முழுவதும் எடுக்கப்பட்ட எண்ணெய், 1978-இல் எடுக்கப்பட்டதைவிட அதிகம். குறைவாக எடுத்த ஆண்டில் பெட்ரோல் பங்குகளில் வரிசை இல்லை. கூடுதலாக எடுத்த ஆண்டில் கலிபோர்னியா முதல் நியூயார்க் வரை கார்கள் மணிக்கணக்கில் நின்றன. விலை இரண்டரை மடங்கு ஏறியது. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்த இதழின் கேள்வி.

முதலில் ஈரானுக்குப் போவோம். சவூதி அரேபியாவுக்கு அடுத்தபடியாக உலகின் இரண்டாவது பெரிய எண்ணெய் ஏற்றுமதி நாடாக அது அப்போது இருந்தது. 1978 செப்டம்பரில் நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாயை நெருங்கிய அளவில் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் மிகப் பெரும்பகுதி தென்மேற்கு மூலையிலுள்ள கூஸிஸ்தான் மாகாணத்திலிருந்து வந்தது. 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் முதல் கிணறு பீறிட்டதும் அங்கேதான். ஒரு காலத்தில் உலகிலேயே பெரியதாக இருந்த அபதான் சுத்திகரிப்பு ஆலையும் அங்கேதான். அந்த அபதானில் 1978 ஆகஸ்ட் 19 இரவு ரெக்ஸ் என்ற திரையரங்கு தீப்பிடித்தது. கதவுகள் பூட்டியிருந்தன, படம் பார்க்க வந்தவர்களில் நானூறு பேரளவில் உள்ளேயே கருகினார்கள். தீ வைத்தது ஈரான் மன்னர் ஷாவின் ரகசியப் போலீஸான சவாக் என்று ஊர் நம்பியது. பின்னால் வெளிவந்த சான்றுகள் மதத் தீவிரர்களின் பக்கம் கை காட்டின என்றாலும், அன்று அதைச் சொல்லியிருந்தால் அபதானில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எண்ணெய்த் தொழிலாளர்களின் ஊரில் அரசின் சொல் செல்லாக்காசாகிவிட்டது. இந்த நம்பிக்கையிழப்பை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதங்களில் இதே நோயைப் பல ஆயிரம் மைல் தள்ளி, முற்றிலும் வேறொரு நாட்டில் பார்க்கப்போகிறோம்.

செப்டம்பர் 8-ஆம் தேதி தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் கூடியிருந்த கூட்டத்தின் மீது ராணுவம் சுட்டது. மறுநாளே தெஹ்ரான் சுத்திகரிப்பு ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, அபதானுக்கும் பிற ஆலைகளுக்கும் பரவியது. தொடக்கத்தில் கேட்டது கூலி உயர்வும் வீட்டு வசதியும். அக்டோபர் கடைசியில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு இறங்கியபோது பட்டியல் மாறியிருந்தது: ராணுவச் சட்டத்தை நீக்கு, அரசியல் கைதிகளை விடுதலை செய், சவாக்கைக் கலை. கூலியை ஷா உயர்த்திக் கொடுத்தார். அது வேலைக்கு ஆகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ராணுவத் தளபதி அஸ்ஹாரியின் தலைமையில் ஆட்சி அமைந்து, எண்ணெய் வயல்களில் துருப்புகள் இறங்கியதும் சில வாரம் உற்பத்தி நிமிர்ந்தது. டிசம்பரில் மீண்டும் சரிந்தது. துப்பாக்கி முனையில் ஆளை ஆலைக்குள் கொண்டுவரலாம். எந்த வால்வை எப்போது திருப்ப வேண்டும் என்பது சிப்பாய்க்குத் தெரியாது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஏற்றுமதி முற்றிலும் நின்றது. உள்நாட்டுத் தேவைக்கே எண்ணெய் போதவில்லை.

ஆக, 1979 நெருக்கடியின் முதல் வரிசை அமெரிக்காவில் நிற்கவில்லை. தெஹ்ரானில், பனிக்காலக் குளிரில், மண்ணெண்ணெய்க் கேனுடன் நின்றது. எண்ணெய்க் கடலின் மேல் உட்கார்ந்திருக்கும் நாட்டில் அடுப்பெரிக்க எண்ணெய் இல்லை. சாதாரணமாக இப்படி ஒரு தட்டுப்பாடு வேலைநிறுத்தக்காரர்கள் மீது வெறுப்பைத் திருப்பும். ஷாவின் அரசு அதைத்தான் எதிர்பார்த்தது. பழி அரசின் மீதே விழுந்தது. பாரிசுக்கு அருகில் தங்கியிருந்த எதிர்ப்பியக்கத் தலைவர் அயதுல்லா கொமேனி இந்த இடத்தில் காட்டிய அரசியல் கூர்மை அசாத்தியமானது. ஏற்றுமதிக்கு ஒரு சொட்டும் கூடாது, உள்நாட்டு அடுப்புக்கு மட்டும் எடுக்கலாம் என்று சொல்லி, அதை ஏற்பாடு செய்ய மெஹ்தி பஸர்கானைக் கூஸிஸ்தானுக்கு அனுப்பினார். 1951-இல் எண்ணெய் தேசியமயமானபோது அபதானுக்குப் போய்ப் பொறுப்பேற்றவர்களின் தலைவராக இருந்தவர் அதே பஸர்கான்தான். ஷா இன்னும் நாட்டில் இருக்கும்போதே, எண்ணெய் யாருக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறிவிட்டது. 1979 ஜனவரி 16-இல் ஷா விமானம் ஏறினார். பிப்ரவரி 11-இல் பழைய ஆட்சி முடிந்தது. மார்ச் 5-ஆம் தேதி ஏற்றுமதி மறுபடி தொடங்கியது. ஏற்றுமதி அடியோடு நின்றிருந்த காலம் பத்து வாரம்.

பத்து வாரம் நின்ற எண்ணெய், ஓராண்டுக்கும் மேல் நீண்ட நெருக்கடியை எப்படி உண்டாக்கும்? இதே அபதான் இதற்கு முன்பும் ஒருமுறை நின்றிருக்கிறது. 1951-இல் பிரதமர் முகம்மது மொசாதேக் எண்ணெயை தேசியமயமாக்கியதும் பிரிட்டன் ஈரானிய எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் தடுத்தது. 1953 ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, அதன் பிறகு உடன்பாடு ஏற்படும்வரை அபதான் ஏறக்குறைய உறங்கியே கிடந்தது. பத்து வாரம் அல்ல, மூன்று ஆண்டு. உலகின் மிகப் பெரிய ஆலை மூன்று ஆண்டு மூடிக் கிடந்தும் எந்த நாட்டிலும் பெட்ரோல் பங்குகளில் அடிதடி நடக்கவில்லை. குவைத்திலும் சவூதியிலும் இராக்கிலும் உற்பத்தி கூடியது. அமெரிக்காவிடம் எடுக்காமல் வைத்திருந்த கையிருப்பு இருந்தது. எண்ணெய் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களின் கையில் இருந்ததால், ஓரிடத்தில் குறைந்ததை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து அவை சத்தமில்லாமல் நிரப்பிவிட்டன. அதற்கு ஈரானியர்கள் கொடுத்த விலை வேறு, அதை முந்தைய இதழ்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். இங்கே வேண்டியது இவ்வளவுதான்: உற்பத்தி நாட்டில் கலவரம் என்பதும் நுகரும் நாட்டில் தட்டுப்பாடு என்பதும் ஒன்றின் பின் ஒன்று தானாக வருபவை அல்ல. நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. 1951-இல் அது மெத்தையாக இருந்தது. 1979-இல் அது முரசாகிவிட்டது.

அந்த நடுப்பகுதியைப் பார்ப்போம். ஈரானில் நின்றது நாளொன்றுக்கு ஐம்பது லட்சம் பீப்பாய்க்கு மேல். சவூதி உள்ளிட்ட பிற நாடுகள் கூடுதலாக எடுத்ததைக் கழித்தால், 1979-இன் முதல் மூன்று மாதத்தில் உலகத்துக்கு நிகரமாகக் குறைந்தது ஏறத்தாழ 20 லட்சம் பீப்பாய். அன்றைய தேவை நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி பீப்பாய். அதாவது நூற்றுக்கு நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து. பிறகு ஏன் 13 டாலர் பீப்பாய் 34 டாலருக்குப் போனது? ஒப்பந்தச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக அறுந்ததில் விடை இருக்கிறது. பிரிட்டிஷ் பெட்ரோலியம் தனக்கு வரும் எண்ணெயில் சுமார் நாற்பது சதவீதத்தை ஈரானிலிருந்து பெற்றுவந்தது. அது நின்றதும், தான் வழக்கமாக விற்றுவந்த பிற நிறுவனங்களிடம் ‘இனி தர இயலாது’ என்று கைவிரித்தது. அந்த நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் கைவிரித்தன. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானியச் சுத்திகரிப்பாளர்கள். ஜப்பானுக்கு வந்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு ஈரானுடையது. அவர்கள் வேறு வழியின்றி ஸ்பாட் சந்தைக்கு வந்தார்கள்.

ஸ்பாட் சந்தை என்றால், நெடுங்கால ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அன்றன்றைய விலைக்குக் கப்பல் கப்பலாக எண்ணெய் கைமாறும் இடம். அதுவரை உலக எண்ணெயில் பத்து சதவீதம்கூட அங்கே விற்றதில்லை. ஆலைகள் மிஞ்சியதைத் தள்ளிவிடும் கொசுறுக் கடையாகவே அது இருந்தது. அந்தக் கொசுறுக் கடைக்குள் ஒரே சமயத்தில் எல்லோரும் நுழைந்தார்கள். அங்கே விலை ஏறியதைப் பார்த்த உற்பத்தி நாடுகள், ஒப்பந்த எண்ணெயைக் குறைத்து ஸ்பாட் சந்தைக்குத் திருப்பின. அதனால் ஒப்பந்தக்காரர்களுக்கு இன்னும் குறைந்தது. இன்னும் பலர் ஸ்பாட் சந்தைக்கு ஓடினார்கள். அதோடு நிற்கவில்லை. நாளை விலை இன்னும் ஏறும், அல்லது நாளை கிடைக்கவே கிடைக்காது என்று நினைத்த ஒவ்வொருவரும் இன்றைய தேவைக்கு மேல் வாங்கித் தொட்டியில் நிரப்பினார்கள். இந்த நெருக்கடியின் வரலாற்றை எழுதிய டேனியல் யெர்கின் தரும் மதிப்பீட்டின்படி, இப்படிச் சேமிப்புக்குள் போனது நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய். ஈரானால் குறைந்தது 20 லட்சம். அச்சத்தால் சந்தையிலிருந்து மறைந்தது 30 லட்சம். என் வாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களின் மேல்தான் நிற்கிறது. கலவரம் எடுத்துக்கொண்ட எண்ணெயைவிட, கலவரத்தைப் பற்றிய பயம் எடுத்துக்கொண்ட எண்ணெய் அதிகம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பயம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். 1979 மார்ச்சில் ஓசாகாவில் ஓர் ஆலையை நடத்துபவர் வேறென்ன செய்திருக்க முடியும்? அடுத்து சவூதியிலும் இதே நடக்காது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? நியாயமான கேள்வி. அவர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொருவர் செய்ததும் விவேகம்தான். வங்கி மூழ்கப்போகிறது என்று வதந்தி வந்தால், பணத்தை எடுக்க ஓடுபவரை முட்டாள் என்று சொல்ல முடியாது. கடைசியாகப் போகிறவர்தான் வெறுங்கையோடு திரும்புவார். ஆனால் எல்லோரும் ஓடினால் நல்ல வங்கியும் மூழ்கும். இதைத் தடுக்க வேண்டியவை அரசுகள். அவையும் அன்று தத்தம் நிறுவனங்களை மேலும் வாங்கத் தூண்டிக்கொண்டிருந்தன. 1973 அனுபவத்துக்குப் பின் 1974-இல் தொடங்கப்பட்ட சர்வதேச எரிசக்தி முகமை, பற்றாக்குறை 7 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெயைப் பங்கிட்டுக்கொள்ள விதி வைத்திருந்தது. பற்றாக்குறை அந்தக் கோட்டைத் தொடவேயில்லை என்பதால் விதி ஏட்டிலேயே கிடந்தது. அமெரிக்கா நிலத்தடி உப்புக் குகைகளில் அவசரகாலக் கையிருப்பைச் சேர்க்கத் தொடங்கியிருந்தது; ஆனால் உள்ளே விட்ட எண்ணெயை வெளியே எடுக்கும் பம்புகள் அதுவரை பொருத்தப்படவில்லை!

இரண்டாவது மறுப்பு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் மீது பழி போடுவது. 1978 டிசம்பரில் ஒரு கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்த சவூதி, ஜனவரியில் உச்சவரம்பை 95 லட்சமாகவும் ஏப்ரலில் 85 லட்சமாகவும் இறக்கியது. எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கையின் மீதிருந்த கோபம் என்பாரும் உண்டு, வயல்களைக் காப்பாற்றத்தான் என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும் இந்த அறிவிப்புகள் எரிகிற தீயில் விழுந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சவூதி ஜனவரியில் குறைத்ததையும் சேர்த்துத்தான் நிகரக் குறைவு நூற்றுக்கு நாலைந்து. டாலரின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்தது, எப்படியும் விலை ஏறியிருக்கும் என்று சொல்பவர்களுக்கும் ஒபெக்கின் ஏட்டிலேயே பதில் இருக்கிறது. 1978 டிசம்பரில், ஈரானிய வேலைநிறுத்தத்தின் நடுவிலேயே, அபுதாபியில் கூடிய ஒபெக், 1979-க்குள் படிப்படியாக 14.5 சதவீதம் ஏற்றத் தீர்மானித்தது. டாலர் வீழ்ச்சியும் பணவீக்கமும் அந்தக் கணக்கில் அடங்கியவை. 14.5-க்கும் நடந்த 150-க்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை அவை நிரப்பாது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். மக்கள் கருத்து என்ற விஷயம் இங்கேதான் செழிப்பாகக் கிடைக்கிறது. அமெரிக்கா பயன்படுத்திய எண்ணெயில் ஈரானின் பங்கு சுமார் ஐந்து சதவீதம். மே மாதம் கலிபோர்னியாவில் வரிசைகள் தொடங்கின. பதிவெண் ஒற்றைப்படையில் முடியும் கார்களுக்கு ஒருநாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று முறை வைத்தார்கள். ஜூனில் வரிசை கிழக்குக் கரையை எட்டியது; லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; பென்சில்வேனியாவின் லெவிட்டவுனில் இரண்டு இரவு கலவரம் நடந்தது. வரிசை ஏன் சில ஊர்களில் மட்டும் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 1973-க்குப் பிறகு வந்த விலைக்கட்டுப்பாட்டு, பங்கீட்டு விதிகளின்படி, எந்தப் பகுதிக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதைச் சென்ற ஆண்டு விற்பனையை வைத்தே முடிவுசெய்தார்கள். தட்டுப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட மக்கள் விடுமுறைப் பயணங்களைக் கைவிட்டு நகரத்திலேயே இருந்தார்கள். பெட்ரோலோ சென்ற ஆண்டு வழக்கப்படி சுற்றுலா ஊர்களுக்கும் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே தேங்கியது, இங்கே அடித்துக்கொண்டார்கள்.

இதன் மேல் மக்களும் பதுக்கினார்கள். பதுக்கல் என்றால் கிடங்கில் ஒளித்து வைப்பது என்றே நினைக்கிறோம். கால் தொட்டி ஆகும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு நிரப்பும் ஒருவர், முக்கால் தொட்டி இருக்கும்போதே வரிசையில் போய் நின்றால் அதுவும் பதுக்கல்தான். அன்று அமெரிக்காவில் ஓடியவை பத்துக் கோடிக்கு மேற்பட்ட கார்கள். ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட 20 லிட்டர் கூடுதலாகச் சுமந்தால், 200 கோடி லிட்டர், சுமார் 1.25 கோடி பீப்பாய், சாலைகளில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஈரானிலிருந்து அமெரிக்காவுக்கு இரண்டு வாரம் வந்த எண்ணெய்க்கு இது சமம். இது நான் போட்டுப் பார்க்கும் கணக்கே தவிர அளந்து பார்த்த புள்ளிவிவரம் இல்லை; ஆனாலும் நிலைமையின் அளவை இது காட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே அரண்டவர்களே இருட்டையும் உண்டாக்கினார்கள்.

மக்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? அந்தக் காலத்துக் கருத்துக்கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: தட்டுப்பாடே பொய், எண்ணெய் நிறுவனங்கள் லாபத்துக்காக நடத்தும் நாடகம் என்று பெரும்பான்மையோர் நினைத்தார்கள். நிரம்பிய கப்பல்கள் விலை ஏறுவதற்காகக் கடலில் காத்து நிற்கின்றன என்ற வதந்தி ஊரெங்கும் உலவியது. வல்லுநர்கள் இதைப் பாமரரின் அறியாமை என்று ஒதுக்கினார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கமாட்டேன். நிறுவனங்கள் உண்மையிலேயே தொட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தன. மலிவாக வாங்கி வைத்த எண்ணெயின் மதிப்பு உயர்ந்து அவற்றின் லாபமும் அந்த ஆண்டு தாவிக் குதித்தது. ‘எண்ணெய் எங்கேயோ இருக்கிறது’ என்று மக்கள் சொன்னது சரி. கூட்டுச்சதி என்றது தவறு. அதோடு, தேடப்பட்ட எண்ணெயில் ஒரு பங்கு குற்றம் சாட்டியவர்களின் கார்த் தொட்டியிலேயே இருந்தது. வாட்டர்கேட்டையும் வியட்நாமையும் கண்டு சலித்த ஒரு தலைமுறையிடம் ‘உண்மையிலேயே குறைவு’ என்று அரசு சொன்னால், அபதானில் சொன்னதுபோலத்தான் அது எடுபடும். அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஏப்ரல் 5-இல் விலைக்கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கப்போவதாக அறிவித்தார். பொருளாதாரப்படி அது சரியான முடிவு, ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு அது நிறுவனங்களுக்குக் கொடுத்த பரிசாகவே தெரிந்தது. அதற்குச் சில நாள் முன்னால், மார்ச் 28-இல், மூன்று மைல் தீவு அணுமின் நிலைய விபத்து நடந்து அணுசக்தி என்ற மாற்று வழியின் மீதும் நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஜூலை 15-இல் தொலைக்காட்சியில் பேசிய கார்ட்டர், 1977-இல் இறக்குமதி செய்ததைவிட ஒரு சொட்டும் கூடுதலாக இனி இறக்குமதி செய்யமாட்டோம் என்று உறுதி சொன்னார். அதே பேச்சில், நாட்டைப் பீடித்திருப்பது நம்பிக்கை நெருக்கடி என்றும் சொன்னார். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். இரண்டு நாள் கழித்து அமைச்சரவை முழுவதையும் ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொல்லி, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் அவரே போக்கிக்கொண்டார்.

நவம்பர் 4-இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதும் கோபம் திசைமாறியது. அதுவரை நிறுவனங்களையும் அதிபரையும் திட்டியவர்களுக்கு வெளியே ஓர் எதிரி கிடைத்துவிட்டது. நவம்பர் 12-இல் கார்ட்டர் ஈரானிய எண்ணெயை அமெரிக்காவுக்குள் விடாமல் தடைசெய்தார். உலகச் சந்தையில் இதனால் ஒரு பீப்பாய்கூடக் குறையவில்லை. ஈரானிய எண்ணெய் வேறு நாடுகளுக்குப் போனது, அந்த நாடுகளுக்குப் போக வேண்டியது அமெரிக்காவுக்கு வந்தது. ஸ்பாட் விலை 40 டாலரைத் தாண்டியது. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டாம்.

நம் பக்கமும் ஒரு பார்வை. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலை 1965-இல் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்கு போட்டுத் தொடங்கியது. ஈரானிலிருந்து வரும் தாரியஸ் என்ற கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கென்றே வடிவமைத்து 1969-இல் இயங்க வைத்தார்கள். தெஹ்ரானில் நடப்பது மெட்ராஸுக்கு அந்த அளவு நெருக்கம். விலை ஏற்றம் இந்தியாவின் அந்நியச் செலாவணியைக் கரைத்தது. அதே 1979-இல் கடும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1979-80-இல் நாட்டின் உற்பத்தி சுமார் ஐந்து சதவீதம் சுருங்கியது. ஆனால் இந்தியாவின் மண்ணெண்ணெய், டீசல் தட்டுப்பாட்டுக்கு ஈரான் மட்டும் காரணமில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1979 டிசம்பர் கடைசியில் அசாம் போராட்டக்காரர்கள், பீகாரின் பரவுனி ஆலைக்குப் போகும் கச்சா எண்ணெயை மறித்தார்கள். ரத்தம் தருவோம், எண்ணெய் தரமாட்டோம் என்பது அங்கே ஒலித்த முழக்கம். கூஸிஸ்தான் தொழிலாளர்களைப் பற்றி வெளிநாட்டுப் பிரச்சினையாகப் படித்துக்கொண்டிருந்த நாட்டுக்குள்ளேயே, அதே ஆண்டில், அதே ஆயுதம். வெளிநாட்டில் மூடிய குழாய்க்குப் புவிசார் அரசியல் என்று பெயர், உள்நாட்டில் மூடினால் சட்டம் ஒழுங்கு என்று பெயர். மற்றபடி அசாமியர் கேட்டதில் ஒரு பகுதி கூஸிஸ்தானில் கேட்டதுதான், எங்கள் மண்ணில் எடுப்பதில் எங்களுக்கு என்ன சொல் உரிமை என்பது.

1979 ஒரு விதிவிலக்கு, அதை வைத்துப் பொது விதி சொல்லலாமா என்று கேட்கலாம். அதற்காகவே அடுத்த இரண்டு அதிர்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1980 செப்டம்பர் 22-இல் இராக் ஈரான் மீது படையெடுத்தது, அபதான் எரிந்தது, இரு நாடுகளுமாகச் சந்தையிலிருந்து மறைந்தது கிட்டத்தட்ட 40 லட்சம் பீப்பாய். 1979-இன் நிகரக் குறைவைவிட இது அதிகம். ஆனால் பீதி பரவவில்லை. சென்ற ஆண்டு பயத்தில் வாங்கிக் குவித்தது தொட்டிகளில் நிரம்பியிருந்தது. ஸ்பாட் சந்தைக்குப் போகாதீர்கள், கையிருப்பை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று இம்முறை அரசுகள் நிறுவனங்களிடம் சொல்லின. விலை சிறிது ஏறி, அடுத்த ஆண்டே இறங்கத் தொடங்கியது. 1990 ஆகஸ்டில் குவைத் இராக்கிடம் வீழ்ந்தபோது இரு நாடுகளிலுமாக நின்றது 43 லட்சம் பீப்பாய். விலை இரு மடங்கானது. ஆனால் அமெரிக்காவில் 1981-லேயே விலைக்கட்டுப்பாடும் பங்கீடும் நீங்கியிருந்ததால் வரிசை என்று ஒன்று நிற்கவேயில்லை. 1991 ஜனவரி 17-இல் போர் தொடங்கி, கையிருப்பைத் திறந்துவிடுகிறோம் என்று அறிவிப்பும் வந்ததும், ஒரே நாளில் விலை சுமார் பத்து டாலர் சரிந்தது. அன்று குவைத்தில் ஒரு கிணறும் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கவில்லை.

அப்படியானால் உற்பத்தி நாட்டுக் கலவரத்துக்குப் பயப்படவே வேண்டாமா என்றால், நான் சொல்வது அதுவல்ல. பயந்த இடம் தவறு. உலகம் அலறியது பத்து வார நிறுத்தத்தைப் பார்த்து, அது தீர்ந்துவிட்டது. தீராத இழப்பு அதற்குப் பிறகு மெதுவாக வந்தது. அனுபவமுள்ள பொறியாளர்கள் வெளியேறினார்கள், முதலீடு நின்றது, எட்டாண்டுப் போர் வந்தது, தடைகள் தொடர்ந்தன. அந்த இழப்புக்கு எந்த நாட்டிலும் வரிசை நிற்கவில்லை. அதற்குள் உயர்ந்த விலையே உலகத்தைச் சிக்கனம் பழக்கி, வட கடலிலும் மெக்சிகோவிலும் அலாஸ்காவிலும் எண்ணெய் எடுக்க வைத்து, 1986-இல் விலையைப் பத்து டாலர் அளவுக்குத் தள்ளிவிட்டது. ஷாவின் காலத்தில், 1974-இல், ஈரான் நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாய் எடுத்தது. அந்த அளவை அது இன்றுவரை மறுபடி தொடவில்லை.

(தொடரும்)